ஜன்னல் போட்ட மழை

வெள்ளக் கணிப்பு மையத்துக்கு வெள்ளத்தைக் கண்டு பயம் கிடையாது. அதற்கு இருந்த பயமெல்லாம் தணிக்கையைக் கண்டுதான்.

முந்தைய பெருமழையில் பாதி ஊர் முழுகிப்போன பிறகு, "இனி இப்படி நேரக் கூடாது" என்று அரசாங்கம் அவசரமாக ஆரம்பித்த அலுவலகம் அது. நேரக் கூடாதது வெள்ளமா, வெள்ளம் வடிந்தபின் பத்திரிகைக்காரர்கள் கேட்ட கேள்விகளா என்பது ஆணையில் தெளிவாக இல்லை. கட்டடம் பெரிது. மேல்மாடி இயக்குநருக்கு, அதற்குக் கீழ்மாடி கூட்ட அரங்குக்கு, அதற்கும் கீழே நிர்வாகம், கணக்கு, தணிக்கை. பெய்த மழை தரையில் எந்தப் பக்கம் ஓடும், எந்தத் தெருவில் எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் போடும் கணிப்பொறிக்கு வைக்க இடம் மிஞ்சவில்லை. அதனால் அதைத் தரைக்குக் கீழே, வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய அறையில் வைத்தார்கள்.

அந்த அறையில் அதனோடு உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் மாடல்காரர் என்று கூப்பிட்டார்கள். தண்ணீர் ஓடும் விதத்தைக் கணிப்பொறிக்குள்ளேயே ஓட்டிக் காட்டும் மென்பொருளுக்கு 'மாடல்' என்று பேர். அதை ஓட்டுகிறவர் மாடல்காரர். வேலைக்குச் சேர்ந்த அன்று வாசல் காவலாளி மட்டும், துணிக்கடை விளம்பரத்தில் வருகிறவரோ என்று சந்தேகப்பட்டார். தலையைத் தூக்கி முகத்தைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

மாடல் தானாக ஓடாது. ஒரு கோப்பில் அதற்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். மழை எவ்வளவு, ஊரை எத்தனை பெரிய கட்டங்களாகப் பிரிப்பது, தரை எவ்வளவு சொரசொரப்பு, தண்ணீர் எந்த எல்லை வழியாக வெளியே போகும், எப்போது ஆரம்பித்து எப்போது நிறுத்துவது. கொஞ்சம் வரிகள்தான். மாடல்காரர் அதை ஒரு மத்தியானத்தில் எழுதிவிட்டார். எழுதிய கையோடு, சரியாக வருகிறதா என்று ஒருமுறை ஓட்டியும் பார்த்துவிட்டார். திரையில் ஊரின் வரைபடம் வந்தது. கால்வாய் ஓரத்தில் ஒரு பள்ளத்துத் தெரு கருநீலமாக நிறைந்தது. மார்பளவு.

அந்தத் தெருவில்தான் அவருடைய அக்கா இருந்தாள்.

அக்கா வீட்டில் மாடி உண்டு; மாடிக்குப் போகும் உள்படிதான் ஒடுக்கம். கீழே இருந்தவற்றில் ஏற்ற வேண்டியவை இரண்டு. ஒன்று, போன வெள்ளத்தில் பழையது போய்ப் புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜ். இன்னொன்று, காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த அத்தான். இரண்டில் ஃபிரிட்ஜ்தான் சொன்னபடி கேட்கும்.

"ஏத்தவா, வேணாமாடா?" என்று அக்கா போனில் கேட்டாள். "வானத்தைப் பாத்தா ஒரு மாதிரி இருக்கு."

"ஏத்திடுக்கா."

"உங்க ஆபீஸ் சொல்லுச்சா, நீ சொல்றியா?"

"நான்தான் சொல்றேன்."

"போடா. வெயில் கொளுத்துற அன்னிக்கு மழை வரும்னு குடையும் கையுமா பள்ளிக்கூடம் போனவன் நீ. ஆபீஸ் சொல்லட்டும், ஏத்துறேன். உங்க அத்தானைக் கிளப்பறதுன்னா சும்மாவா? கையில ஒரு ஆதாரம் வேணும்."

ஆதாரத்துக்கு ஒரு வழிதான் இருந்தது. மாடலை அதிகாரபூர்வமாக ஓட்டி, அதன் முடிவை மையம் அறிவிக்க வேண்டும். அதற்குக் கோப்பின் ஒவ்வொரு வரியும் அங்கீகாரம் பெற வேண்டும். அங்கீகாரம் இல்லாத கணிப்பை வெளியே சொல்கிறவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று சுற்றறிக்கையே இருந்தது. ஆகவே மாடல்காரர் கோப்பை அச்செடுத்துக்கொண்டு கூட்ட அரங்குக்கு ஏறினார். லிஃப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை.

முதலில் கையைத் தூக்கியவர் சாலைப் பிரிவுக்காரர்.

"தரையின் சொரசொரப்புன்னு போட்டிருக்கீங்களே, எந்தத் தரை?"

"ரோடு, காலி மனை, எல்லாம் சேர்ந்துதான் சார்."

"எங்க ரோடு சொரசொரப்பா? அமைச்சர் கையால திறந்து வச்ச ரோடு சார் அது. வழவழன்னு போடுங்க."

"வழவழன்னு போட்டா தண்ணி வேகமா ஓடும் சார். பள்ளத்துல சீக்கிரம் சேரும்."

"வேகமா ஓடினா நல்லதுதானே? ரோடு போடறதே வேகமா போகத்தான்."

அடுத்து நிர்வாக அதிகாரி அம்மாள் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். "கிழக்கு எல்லை வழியா தண்ணி வெளியே போகும்னு இருக்கு. கிழக்கே நம்ம அதிகார எல்லை முடிஞ்சிடுது. பக்கத்து மாவட்டத்துக்கு ஒரு குண்டூசி அனுப்பணும்னாலும் மேலிடத்துல கேக்கணும். நீங்க பாட்டுக்கு இவ்வளவு தண்ணிய அனுப்புவீங்களா?"

"அம்மா, நான் அனுப்பல. அது தானா போகும்."

"தானா போறதுக்கெல்லாம் இங்க விதி கிடையாது."

கணக்குப் பிரிவுக்காரருக்கு வேறு கவலை. மாடல் நள்ளிரவில் ஆரம்பித்து மறுநாள் முழுக்க ஓடுவதாக எழுதியிருந்தது. அது கணிப்பொறிக்குள் ஓடும் கற்பனை நேரம், நிஜத்தில் கால் மணியில் முடிந்துவிடும் என்று மாடல்காரர் எடுத்துச் சொன்னார். "கற்பனையா இருந்தா என்ன, கூடுதல் வேலை கூடுதல் வேலைதானே? காலையில ஆபீஸ் திறந்ததும் தண்ணி ஓட ஆரம்பிக்கட்டும், சாயங்காலம் மூடும்போது நிக்கட்டும். மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு என்ன பண்றதுன்னு நான் விதியைப் பாத்துச் சொல்றேன்."

இயக்குநர் எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தூங்குகிறாரா யோசிக்கிறாரா என்பதைக் கண்டுபிடிக்கும் மாடல் இன்னும் வரவில்லை. கடைசியில் கண் திறந்தார். "எல்லாருடைய கருத்தும் கோப்புல இடம் பெறணும். கூட்டு முயற்சி, கூட்டுப் பொறுப்பு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரும் தனியா மாட்டக் கூடாது பாருங்க."

ஒரு வாரம் கூட்டம் நடந்தது. வானம் தினமும் கொஞ்சம் கறுத்தது. அக்கா தினமும் ஒருமுறை கேட்டாள். மாடல்காரர் களைத்துப் போனார். களைத்துப் போன மனிதனுக்குத்தான் குறுக்கு வழிகள் தோன்றும். அவருக்கும் ஒன்று தோன்றியது.

கோப்பில் ஒரு வரிக்கு முன்னால் ஒரு சின்னக் குறியைப் போட்டுவிட்டால், அந்த வரியைக் கணிப்பொறி படிக்காது, தாண்டிப் போய்விடும். மனிதர்கள் படிப்பதற்காக ஏதாவது குறிப்பு எழுத அப்படி ஓர் ஏற்பாடு. நெடுக்கே இரண்டு கோடு, குறுக்கே இரண்டு கோடு. பார்க்க ஜன்னல் கம்பி மாதிரி இருக்கும்.

"ஐயா, எல்லாருடைய கருத்தையும் அப்படியே எழுதிடலாம்," என்றார் மாடல்காரர், அடுத்த கூட்டத்தில் இயக்குநரிடம். "ஒவ்வொண்ணுக்கும் முன்னால இந்த ஜன்னல் குறியைப் போட்டுடறேன். தனியா, மரியாதையா நிக்கும்."

மரியாதை என்ற சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்தக் கட்டடத்தில் ஜன்னலோர இருக்கை என்பது பதவியைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. பணியில் சேர்ந்து தலை நரைத்த பிறகும் சுவரையே பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர்கள் உண்டு. இப்போது கோப்பிலேயே ஜன்னல் கிடைக்கிறது என்ற செய்தி, வேலை செய்யாத லிஃப்டைவிட வேகமாக மாடி மாடியாக இறங்கியது.

"சார், எனக்கும் ஒரு ஜன்னல் குடுங்க."

"சாலைப் பிரிவுக்கு மூணு ஜன்னலாம், எங்களுக்கு ஒண்ணா? நாங்க என்ன மாற்றாந்தாய் பிள்ளைங்களா?"

கோப்பு வீங்கியது. சாலைப் பிரிவு, ரோட்டின் வழவழப்பைப் பற்றி ஒரு பாராட்டுரை எழுதியது. கணக்குப் பிரிவு, மதிய இடைவேளையில் தண்ணீர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு உட்பிரிவுகள் சேர்த்தது. நிர்வாக அதிகாரி அம்மாள் பக்கத்து மாவட்டத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்தை முழுதாகச் சேர்த்தார். யாரோ லிஃப்டைப் பற்றிய புகாரைச் சேர்த்தார்கள். இயக்குநரின் பணி வாழ்க்கை, அவர் கலந்துகொண்ட வெளியூர்க் கருத்தரங்குகளோடு, கோப்பின் உச்சியில் ஏறி உட்கார்ந்தது. அத்தனைக்கும் ஜன்னல். நடுவில் எங்கோ மழை, கட்டம், தரை, எல்லை என்று மாடல்காரரின் பழைய வரிகள் மட்டும் ஜன்னலில்லாமல் கிடந்தன. கணிப்பொறி அவற்றை மட்டும்தான் படிக்கும். வித்தை பலித்துவிட்டது என்று அவர் நினைத்தார். அன்றைக்கு வீட்டில் நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் தணிக்கை அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் கோப்பின் அச்சுப் பிரதி, செங்கல் கனத்தில்.

"இதுல சில வரிக்கு மட்டும் ஜன்னல் இல்லையே. என்ன காரணம்?"

"அதெல்லாம் மாடல் படிக்க வேண்டிய வரி சார்."

"அங்கீகாரம் ஆன வரிக்கெல்லாம் ஜன்னல் இருக்கு. அப்போ இதெல்லாம் அங்கீகாரம் ஆகாத வரியா?"

"இல்ல சார். ஜன்னல் போட்டா கணிப்பொறி படிக்காது."

"கணிப்பொறி படிக்காட்டி என்னய்யா? தணிக்கை படிக்கும்ல?"

"சார், மழை எவ்வளவுங்கற வரி சார் அது. அதைப் படிக்கலன்னா மழையே இல்லைன்னு எடுத்துக்கும்."

"மழை அளவு சொல்றதுக்கு நீங்க யாரு? அது வானிலைத் துறையோட அதிகாரம். அவங்க எழுத்துல குடுத்தாங்களா?"

"போன்ல சொன்னாங்க."

"போன்ல மழை பெய்யாது." அதிகாரி பேனாவை மூடினார். "ஒரு கோப்புல சில வரிக்கு ஜன்னல், சில வரிக்கு இல்லைன்னா அது பாரபட்சம். நாளைக்குக் கோர்ட்ல நிக்க முடியாது. எல்லாத்துக்கும் போடுங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒரே சீரா இருக்கணும்."

மாடல்காரர் இயக்குநரிடம் ஓடினார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

"என்னப்பா மாடல், ஏன் இவ்வளவு பதற்றம்? ஜன்னல் வேணும்னு எல்லாரும் அடிச்சிக்கிறாங்க. உனக்கு இலவசமா தர்றாங்க, வேணாங்கற."

"ஐயா, முடிவு தப்பா வரும்யா."

"தப்பா வந்தா யார் பொறுப்பு?"

"கூட்டுப் பொறுப்புன்னு நீங்கதான்..."

"அப்போ உனக்கென்ன?"

மாடல்காரர் கீழே இறங்கி வந்து, தம் வரிகளுக்குத் தம் கையாலேயே ஜன்னல் போட்டார். கடைசியாக மழைக்கு. கோப்பு இப்போது ஒரே சீராக, சிறைச்சாலைச் சுவர் மாதிரி இருந்தது.

மாடல் கோபித்துக்கொள்ளவில்லை. படிக்க ஒரு வரியும் கிடைக்காதபோது அது தன்னிடம் இருக்கும் மாதிரி அளவுகளை எடுத்துக்கொள்ளும். மழைக்கு அதன் மாதிரி அளவு பூஜ்யம். பொத்தானை அழுத்திக் கையை எடுப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. திரையில் வந்த வரைபடத்தில் ஒரு சொட்டு நீலம் இல்லை. துவைத்துக் காயப்போட்ட வேட்டி போல வெள்ளை வெளேரென்று இருந்தது.

மேல்மாடியில் ஒரே மகிழ்ச்சி. இயக்குநர் தொலைக்காட்சிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார்.

"இதுவரைக்கும் உலகத்துல எத்தனையோ வெள்ள வரைபடம் வந்திருக்கு. எல்லாத்துலயும் எங்கயாவது வெள்ளம் இருக்கும். அது ஒரு குறை. அந்தக் குறையே இல்லாத வரைபடத்தை நம்ம மையம் தயாரிச்சிருக்கு. இதுக்குக் காரணம் விஞ்ஞானம்னு சொல்ல மாட்டேன். முழுக்க முழுக்க நிர்வாகம்."

கூடவே ஒரு சுற்றறிக்கை வந்தது. மையத்தின் அறிவிப்புக்கு மாறாக ஊழியர் எவரும் எவரிடமும் எதுவும் சொல்லக் கூடாது. அதற்கும் ஜன்னல் போட்டிருந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. விடுகிற மழை இல்லை அது. மாடல்காரர் போனை எடுத்தார்.

"அக்கா, ஏத்திடு."

"நேத்துத்தானேடா டிவில சொன்னாங்க, ஒண்ணும் இல்லைன்னு! உங்க பெரியவர் எவ்வளவு அழகா பேசறாரு. உங்க அத்தான் கேட்டதுலேருந்து நிம்மதியா தூங்கறாரு."

"அவர் சொன்னதை நம்பாதக்கா."

"ஏன்டா, நீ வேலை பாக்கற இடம்னுதானே நம்பறேன்?"

மாடல்காரர் போனை வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு, அலுவலக அட்டை கழுத்தில் தொங்குவதைக் கழற்றக்கூட மறந்து, கிளம்பிவிட்டார்.

பள்ளத்துத் தெருவில் தண்ணீர் இன்னும் வரவில்லை. சாக்கடை மூடிகள் மட்டும் மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தன. அக்கா கதவைத் திறந்து தலையில் அடித்துக்கொண்டாள். அவர் நேரே உள்ளே போய் ஃபிரிட்ஜின் கம்பியைப் பிடுங்கினார்.

"டேய், பால் இருக்குடா உள்ள!"

"பாலையும் சேத்து ஏத்தறேன்."

"ஆபீஸ்ல வராதுங்கறாங்க, இவன் ஒருத்தன்..." என்றபடியே அக்கா ஒரு பக்கம் பிடித்தாள். என்ன இருந்தாலும் தம்பி.

உள்படி ஒடுக்கம் என்பதால் ஃபிரிட்ஜை வாசல் வழியாகச் சுற்றி, வெளிப்படியில் ஏற்ற வேண்டியிருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் தம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜைப் பார்த்தார். மாடல்காரரின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

"சார், நீங்க அந்த வெள்ள ஆபீஸ்தானே?"

"ஆமாங்க."

"தண்ணி வராதுன்னு சொன்னீங்களே?"

மாடல்காரர் ஃபிரிட்ஜைத் தோளில் முட்டுக் கொடுத்து நிறுத்தினார். சுற்றறிக்கை நினைவுக்கு வந்தது.

"வராதுங்க," என்றார்.

"அப்புறம் ஏன் சார் ஃபிரிட்ஜை ஏத்தறீங்க?"

"வீடு கழுவணும்."

தையல்காரர் அவர் முகத்தையே பார்த்தார். மழையும் வியர்வையும் சேர்ந்து வழிந்த அந்த முகத்தில், வீடு கழுவப் போகிறவனுடைய களை இல்லை. தையல்காரர் உள்ளே திரும்பி, "ஏய், மிஷினைத் தூக்கு, மாடிக்கு!" என்று கத்தினார்.

அவர் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். வெள்ள ஆபீஸ்காரர் ஃபிரிட்ஜோடு மாடி ஏறிக்கொண்டிருந்தார். அவள் தன் அரிசி டின்னை எடுத்தாள். தெரு முழுக்க யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கட்டில் ஏறியது, பீரோ ஏறியது, சைக்கிள் ஏறியது. மாடி இல்லாதவர்கள் மாடி உள்ளவர்கள் வீட்டுக்கு ஏறினார்கள். அத்தானைக் கடைசியாக நாற்காலியோடு தூக்கிப்போனார்கள். "வராதுன்னு டிவில சொன்னாங்கய்யா, விடுங்கய்யா," என்று அவர் மேல்படி வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார்.

இருட்டுமுன் தண்ணீர் வந்துவிட்டது. மார்பளவு.

தெருவில் ஒரு பொருளும் போகவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊரில் போனது பெரும்பாலும் வேறு தெருக்களில், டிவியை நம்பியவர்களுடையது. வெள்ளக் கணிப்பு மையத்திலும் ஒரு சின்னச் சேதம்: தரைக்குக் கீழே இருந்த கணிப்பொறி முழுகிவிட்டது. அதன் கடைசிக் கணிப்பின்படி அந்த அறையில் தண்ணீர் இல்லை.

தண்ணீர் வடிந்து அலுவலகம் திறந்ததும் மாடல்காரருக்கு ஒரு குறிப்பாணை காத்திருந்தது. குளிர்சாதனப் பெட்டி ஒன்றைப் பொதுமக்கள் பார்வையில் படும்படி மாடிக்கு ஏற்றியதன் மூலம், மையத்தின் அங்கீகரிக்கப்பட்ட கணிப்புக்கு மாறான எச்சரிக்கையை அனுமதியின்றி வெளியிட்டது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

இயக்குநர் நேரிலும் கூப்பிட்டார். "நான் உன்னை நல்ல பையன்னு நினைச்சேன்."

"ஐயா, தண்ணி வந்துச்சேய்யா."

"தண்ணி வந்தது வேற விஷயம்ப்பா. நீ ஏத்தும்போது தண்ணி வரலையே. அதுதான் குற்றச்சாட்டு."

"வந்தப்புறம் ஏத்தினா முழுகிடுமேய்யா."

"முழுகட்டும். முழுகியிருந்தா உன் பேர்ல ஒரு தப்பும் இருந்திருக்காது." இயக்குநர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "விளக்கத்தை எழுதிக் குடு. பார்த்து எழுது. வேலை போற விஷயம்."

மாடல்காரர் தம் இருக்கைக்குப் போக முடியவில்லை. அங்கே இன்னும் சேறு. மாடிப்படியில் உட்கார்ந்து எழுதினார். நடந்ததை நடந்தபடி எழுதினார். மழைக்கு ஜன்னல் போட்டது யார் சொல்லி, எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று முன்பே தெரிந்திருந்தது, அதைத் தாம் யார் யாரிடம் சொன்னார், அவர்கள் என்ன சொன்னார்கள், ஒன்று விடாமல். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தார். இதைக் கொடுத்தால் நிச்சயம் வேலை போகும். பிறகு பேனாவைத் திறந்து, மேலிருந்து கீழ் வரை, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு ஜன்னல் போட்டார்.

தணிக்கை அதிகாரி தாளை வாங்கி, இடது ஓரத்தில் மட்டும் விரலை வைத்து மேலிருந்து கீழே ஓட்டினார்.

"ஒரே சீரா இருக்கு," என்றார். "இப்பத்தான் உங்களுக்கு நடைமுறை புரிஞ்சிருக்கு."

நிர்வாக அதிகாரி அம்மாள் கையெழுத்துப் போட்டார். இயக்குநரும் போட்டார். விளக்கம் ஏற்கப்பட்டு, நடவடிக்கை கைவிடப்பட்டது. அந்தத் தாளை இன்றுவரை யாரும் படிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். பின்னால் அத்தான் எதற்கோ கத்திக்கொண்டிருப்பது கேட்டது.

"தம்பி, உங்க அத்தான் கீழ வரணும்ங்கறாரு. ஃபிரிட்ஜையும் இறக்கிடவா?"

"இன்னிக்கு மையத்துல அடுத்த அறிவிப்பு குடுத்திருக்காங்கக்கா."

"என்னவாம்?"

"இந்த வருஷம் இனிமே மழையே கிடையாதாம்."

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு அத்தானிடம் சொன்னது இவருக்கும் தெளிவாகவே கேட்டது.

"படுங்க பேசாம. ரெண்டு பேரும் மேலயே இருங்க."